பெயர்ப் பட்டியலும் கோலி ஜாடியும்

ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சுவரில் பெயர்ப் பட்டியல் மாட்டி, நன்றாகச் செய்த பிள்ளைக்கு மட்டும் ஸ்டார் ஒட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பட்டியல் இல்லாத வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டித் தருகிற குழந்தை, பட்டியல் வந்ததும் நோட்டைக் கையால் மறைக்கிறது. "மிஸ், இவன் பார்த்து எழுதுறான்" என்ற புகார் ஓயாது. அடுத்தவன் திணறினால் எனக்கு லாபம் என்று நாமே கற்றுக்கொடுத்த பிறகு, பகிர்ந்துகொள்ளச் சொல்லி என்ன பயன்?

உதவிக்குப் பொருள் கொடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் பெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 20 மாதக் குழந்தைகளைப் பற்றியது. உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், எதுவும் பெறாதவர்களைவிடப் பிறகு குறைவாகவே உதவினார்கள். வாயால் பாராட்டியபோது அப்படி நடக்கவில்லை.

சரி, வகுப்பு முழுக்க ஒரே பரிசு என்றால்? ஜாடியில் கோலி சேர்ப்பது, நிறைந்ததும் எல்லாருக்கும் கூடுதல் விளையாட்டு நேரம். இது எவ்வளவோ மேல். ஆனால் "எல்லாரும் முடித்தால்தான் கோலி" என்று நிபந்தனை போட்டால், மெதுவாகச் செய்கிற பிள்ளைமீது பழி விழும். "உன்னாலதான் போச்சு" என்று ஐந்து வயதில் கேட்பது கொடுமை. அதனால் என் ஜாடியில் கோலி போடுவது மட்டும்தான், எடுப்பது கிடையாது. யாரால் வந்தது என்று பெயரும் சொல்வதில்லை.

பரிசைவிட வேலையை எப்படி அமைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நம்புகிறேன். 2011இல் காதரினா ஹமானும் குழுவினரும் மூன்று வயதுக் குழந்தைகளை ஜோடியாகக் கயிறு இழுத்துப் பரிசுப் பொருட்களை எடுக்க வைத்தார்கள். சேர்ந்து இழுத்துக் கிடைத்ததில் ஒருவருக்கு அதிகம் வந்தால், சமமாகப் பங்கிட்டுக்கொள்வது அதிகமாக இருந்தது. தனித்தனியாக இழுத்தபோதோ சும்மா கிடைத்தபோதோ அவ்வளவு இல்லை. வகுப்பில் நான் பெரிய தாள் ஒன்றைக் கொடுத்து, ஒருத்தியிடம் கத்தரிக்கோலும் இன்னொருவனிடம் பசையும் தருவேன். சண்டை வரும். வரட்டும், பேசித் தீர்க்கப் பழகுவதும் அங்கேதான்.

ஸ்டிக்கரே கூடாது என்று சொல்லமாட்டேன். ஓரிடத்தில் உட்காரவே சிரமப்படும் குழந்தைக்குச் சின்ன ஊக்கம் தேவைப்படும். அதைச் சுவரில் ஒட்டாமல், அந்தக் குழந்தையின் நோட்டுக்குள் ஒட்டுகிறேன்.