பூவைப் போய் யாராச்சும் தின்பாங்களா?

மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இறங்கினால் நஸ்டர்ஷியம் என்கிற பூங்கொடி பிழைக்காது என்றார் ஊட்டியில் விதை விற்றவர். அவர் அப்படிச் சொன்னதற்காகவே வாங்கினேன். கொத்துக்கடலைப் பருமனில் பத்து விதை. ஐப்பசியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் ஊன்றினேன். ஏழு முளைத்தது. மார்கழி முடிவதற்குள் கொடி வாசல்படியைத் தொட்டுவிட்டது.

இலையைப் பார்த்தால் குட்டித் தாமரை இலைதான். தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் பாதரசம் போல உருண்டு ஓடும். ஆரஞ்சு நிறப் பூவுக்குப் பின்னால் ஒரு வால் உண்டு. அதன் நுனியைக் கடித்தால் முதலில் தேன். அப்புறம் ஒரே ஏற்றமாக மூக்குக்குள் கடுகு! இலைக்கும் அதே காரம். பச்சையாகவே தின்னலாம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பூப்பறிக்கிற நோன்புக்கு, நாத்தனார் வீட்டு ஆட்கள் வந்தார்கள். அரிசியும் பருப்புஞ்சோறு, நெய், தயிர், முருங்கைப்பூப் பொரியல், வாழைப்பூ வடை. சும்மா இருக்காமல், எல்லோருடைய வாழையிலை ஓரத்திலும் ஒரு நஸ்டர்ஷியப் பூவும் இரண்டு இலையும் வைத்தேன்.

பெரியத்தை அந்தப் பூவை எடுத்து, "அம்சமா இருக்குது கண்ணு" என்று கொண்டையில் சொருகிக்கொண்டார். நாத்தனார் வீட்டுக்காரர் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கோயில் பிரசாதம் மாதிரி.

"அது தின்கிற பூங்க" என்றேன்.

மாமனார் வடையை மென்றுகொண்டே நிமிர்ந்தார். "பூவைப் போய் யாராச்சும் தின்பாங்களா அம்மிணி? நாம என்ன ஆடா?"

"மாமா, உங்க கையில என்னங்க?"

"வடை."

"எதுல சுட்டதுங்க?"

கொஞ்ச நேரம் வடையையே பார்த்தார். "வாழைப்பூவுக்குப் பேருதான் பூ. அது காயோட சேத்தி."

"முருங்கைப்பூவுங்க?"

"அது மருந்து."

இதற்கு மேல் என்ன பேச? தாவரவியலில் முருங்கை, கடுகு, நஸ்டர்ஷியம் மூன்றும் ஒரே வரிசை, அதாவது பங்காளிகள் என்று எடுத்துச் சொன்னேன். "பங்காளின்னா கோயில் வரி கட்டச் சொல்லு" என்றார். பந்தியே சிரித்தது. ஆனாலும் வம்புக்காகவே ஒரு பூவை முழுசாக வாயில் போட்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"காரம் இருக்குதுன்னு சொல்லோணுமல்லொ!"

சொல்லிவிட்டு, பக்கத்து இலையில் பேரன் ஒதுக்கி வைத்திருந்த பூவையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கொடியில் ஒரு பூகூட இல்லை. ஆடு புகுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால், வேலியோரம் செவ்வரளியில் கை வைத்தபடி மாமனார் நிற்கிறார். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அரளி வேர் முதல் பூ வரை விஷமாயிற்றே! தோசைக் கரண்டியோடு ஓடினேன்.

"மாமா, அதைத் தின்னுபோடாதீங்க!"

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமிக்குப் பறிக்கறேன் அம்மிணி. அரளியைப் போய் யாராச்சும் தின்பாங்களா?"

கேட்ட வாயின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சு வால் தொங்கிக்கொண்டிருந்தது.