பத்திர எண் கிடைத்த பிறகுதான் பூங்கா கிடைத்தது

போன வருஷத்துக்கு முந்தைய ஆவணியில் ஒரு நாள் விடிகாலை, பால் வாங்கப் போனவள் தெருக்கோடியில் இரண்டு லோடு ஜல்லி கொட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் வெள்ளையடித்த நாலு கல்தூண். அந்த இடத்தை நாங்கள் ‘காலி கிரவுண்டு’ என்போம். சுற்றிலும் சீமைக்கருவேலம், வீடு இடித்தவர்கள் கொண்டுவந்து கொட்டிய கப்பி, நடுவில் மட்டும் பையன்கள் மண்வெட்டியால் செதுக்கி வைத்திருந்த கிரிக்கெட் பிட்ச். ஜல்லி அந்தப் பிட்ச் மேலேயே கிடந்தது. “ஆன்ட்டி, யாரோ மினி ஹால் கட்டப் போறாங்களாம்” என்றான் ஒரு பையன்.

வீட்டுக்கு வந்து பத்திரக் கவரைப் பிரித்தேன். வங்கிக் கடனுக்காக எடுத்த லேஅவுட் வரைபடம். ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ், எழுத்தெல்லாம் மங்கல். குறுக்குக் கோடு போட்ட ஒரு சதுரத்துக்குள் ‘பார்க்’ என்று இருந்தது. சென்னைக்குத் தெற்கே அஞ்சரை ஏக்கர், 96 மனை, 1996-இல் அனுமதி வாங்கிய லேஅவுட் எங்களுடையது. இவ்வளவு பெரிய லேஅவுட் போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதைத்தான். 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குக் கீழே என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்கலாம். அதற்கு மேலே போனால் நிலமாகத்தான் கொடுத்தாக வேண்டும். எங்கள் கணக்குக்கு 38 சென்ட்.

சட்டம் நம் பக்கம் என்ற தைரியத்தில் நகராட்சிக்கு ஓடினேன். “தானப் பத்திரம் காப்பி இருக்கா மேடம்?” என்று ஒரே கேள்வி. இல்லை. அன்றிலிருந்து ஏழு மாசம் அந்த ஒரு காகிதத்துக்காக அலைந்தேன்.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இரண்டு பக்கத்துக்கு ஆத்திரத்தைக் கொட்டி, ‘ஏன் இதுவரை பூங்கா அமைக்கவில்லை? யார் பொறுப்பு?’ என்றெல்லாம் கேட்டிருந்தேன். முப்பதாவது நாள் பதில் வந்தது: ‘கோரப்படும் ஆவணம் இவ்வலுவலகக் கோப்பில் இல்லை.’ தப்பு என்மேலும் இருந்தது. அந்தச் சட்டத்தில் ‘ஏன்’ என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லும் கடமை இல்லை. இருக்கிற காகிதத்தின் நகலைத்தான் கேட்க வேண்டும். கோப்பு இல்லாததற்கும் ஒரு கதை உண்டு. 1996-இல் நாங்கள் ஊராட்சி. தானம் ஊராட்சித் தலைவர் பேருக்கு. பிறகு நகராட்சியோடு சேர்த்தபோது பழைய பீரோ எந்த வண்டியில் ஏறியது, எங்கே இறங்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வழி காட்டியது தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர். “ஏம்மா, நகராட்சியில இல்லன்னா என்ன? பதிவு பண்ணின பத்திரம் பதிவாபீஸ்ல இல்லாம எங்க போகும்? வில்லங்கம் போட்டுப் பாரு” என்றார். வில்லங்கம் என்றால் ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் அதைக் காசு கட்டாமலே பார்க்கலாம். என் மனையின் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினேன். மனை விற்பனைகளாக வந்து விழுந்தனவே தவிர தானத்தைக் காணோம். நாலு ராத்திரி இப்படியே போனது. எங்கள் லேஅவுட் மூன்று சர்வே எண்களில் கிடக்கிறது, பூங்கா விழுந்தது மூன்றாவது எண்ணில் என்று அஞ்சாவது ராத்திரிதான் உறைத்தது. அந்த எண்ணைப் போட்டதும், 1996-ஆம் வருஷத்துக்கு நேரே, ‘தானம்’ என்ற அந்தச் சொல். எழுதிக்கொடுத்தவர் லேஅவுட் போட்டவர். எழுதிப் பெற்றவர் ஊராட்சித் தலைவர். நடுராத்திரியில் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். “சரி, தூங்கு” என்றார்.

மறுநாளே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்தேன். அதை இணைத்து ஆணையருக்கு ஒரு மனு, தாசில்தாருக்கு ஒரு மனு, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு. மூன்றுக்கும் ரசீது வாங்கினேன். ரசீது இல்லாத மனு, மனுவே இல்லை. தாசில்தார் ஆபீஸ் எதற்கென்றால், தானம் கொடுத்தும் பட்டாவை யாரும் மாற்றவில்லை. அது லேஅவுட் போட்டவர் பேரிலேயே இருந்தது. அவர் காலமான பின் வாரிசுகளிடம் பவர் வாங்கிக்கொண்டு வந்தவர்தான் ஜல்லி கொட்டியவர். நகராட்சி நோட்டீஸ் ஒட்டியதும் தூண்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஜல்லியை மட்டும் விட்டுவிட்டார்.

பட்டா மாற்ற அளக்க வேண்டும். மூன்று தடவை தேதி கொடுத்து வராத சர்வேயர், நாலாவது தடவை உச்சி வெயிலில் புலப்படத்தோடு, அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தோடு வந்தார். மூன்று மூலைக் கல் கிடைத்துவிட்டது. நாலாவதற்காக டேப்பை இழுத்தால், அது பக்கத்து வீட்டு மதில் சுவரைத் தாண்டி உள்ளே போகிறது. அந்த வீட்டு அம்மா துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லை நகர்த்தி, சோப்புத் தண்ணீர் ஊறிய மண்ணைக் கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டியதும் ‘டக்’ என்று சத்தம். சர்வே கல். நாலடி அவர்கள் உள்ளே இழுத்திருக்கிறார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருபது வருஷமாக எனக்குக் கறிவேப்பிலை கொடுத்த மரம் அந்த நாலடிக்குள்தான் நின்றது. சுவரை இடித்தார்கள், மரத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். அந்த அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான கதை: மதிப்பீடு, டெண்டர், தேர்தல், மழை. கருவேலத்தை ஜேசிபி வேரோடு எடுத்தது. கப்பியையும் மிச்ச ஜல்லியையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிரிக்கெட் பையன்கள்தான் சட்டி சட்டியாக அள்ளினார்கள். பூங்கா வரைபடத்தைப் பார்த்தால் முக்கால்வாசி இடத்துக்கு பேவர் பிளாக். தண்ணீர் எங்கே இறங்கும் என்று இளநிலைப் பொறியாளரிடம் மல்லுக்கட்டி, அதை நடைபாதை அளவுக்குக் குறைக்க வைத்தோம். மரத்திலும் தகராறு. ஒப்பந்ததாரர் மே மலர் வைக்கிறேன் என்றார், சீக்கிரம் வளருமாம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் தெருவில் முதலில் சாய்ந்தது அதுதான். புங்கையும் பூவரசும் கிளை ஒடிந்தாலும் நின்றன. கடைசியில் பூவரசு, புங்கை, மகிழம், இரண்டு நாவல் என்று முடிவானது. போர் தண்ணீர் உப்பு. மகிழம் மட்டும் திணறுகிறது.

தை மாசம் திறந்தார்கள். ஊஞ்சல், சறுக்கு, எட்டுப் போட நடைபாதை, சுற்றிக் கம்பி வேலி. கேட்டில் நீலப் போர்டு. பூப்பறிக்கக் கூடாது, நாய் கொண்டுவரக் கூடாது, மூன்றாவது வரியில் ‘பந்து விளையாடக் கூடாது.’

அன்று சாயங்காலம் பையன்கள் மட்டையோடு வந்து போர்டு முன்னால் நின்றார்கள். “இதுக்கா ஆன்ட்டி கல்லு அள்ளினோம்?” என்றான் அதே பையன். எனக்கு வாய் வரவில்லை. கிழக்கு மூலையில் இன்னும் ஒன்றும் வைக்காத ஏழு சென்ட் இருக்கிறது. அதை விளையாட ஒதுக்கி வலை கட்டித் தரச் சொல்லி மனு எழுதினேன். இந்தத் தடவை ‘ஏன்’ என்று ஒரு வரிகூட இல்லை. பட்டா நகல், புலப்படம், 41 கையெழுத்து. முதல் பதினொன்று பையன்களுடையது. போன திங்கள் கொடுத்தேன். ரசீது கையில் இருக்கிறது.