தர்ம அடி

நான்கு வருடம் சென்னையில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் வேலை பார்த்தேன். திரையில் தோன்றுகிற ஆள் இல்லை. அடியில் ஓடும் எழுத்துகளையும், 'பிரேக்கிங்' என்று சிவப்பாக வந்து விழும் அந்த இரண்டு வரிகளையும் தட்டுகிற ஆள். பத்தில் எட்டு பேர் டிவியை மியூட்டில் போட்டுவிட்டு அதைத்தான் படிக்கிறார்கள் என்று எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் அண்ணன் சொல்வார். கணக்கு எங்கே பிடித்தார் என்று கேட்டதில்லை.

அந்த இரண்டு வரியில் இடம் ரொம்பக் குறைவு. எழுத்து கூடினால் ஃபான்ட் தானாகச் சுருங்கிவிடும். டீக்கடை டிவியில் தெரியாது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது 13 எழுத்து. 'குற்றவாளி' 5. 'கயவன்' 4. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நீளமானதைத் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னால் வந்து நின்று, "ஏம்மா, கட்டுரையா எழுதுற? குற்றவாளின்னு போட்டு முடி" என்றார். முடித்தேன். அப்புறம் அதுவே கைப்பழக்கம் ஆகிவிட்டது.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. வினைமுற்றிலேயே தீர்ப்பு எழுதிவிடலாம். 'கைது செய்யப்பட்டார்' என்றால் விசாரணை பாக்கி இருக்கிறது. 'கைதானான்' என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த 'ஆர்', 'ஆன்' யாருக்கு எது என்று எங்கள் டெஸ்க்கில் எழுதி ஒட்டிய விதி எதுவும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அரசியல்வாதி மேலோ சாமியார் மேலோ பாலியல் புகார் வந்தால் கடைசிவரை 'அவர்'தான். லிஃப்ட் ஆபரேட்டரும் செக்யூரிட்டியும் பிளம்பரும் என்றால் எஃப்ஐஆர் போட்ட அன்றே 'அவன்'.

லிஃப்ட் ஆபரேட்டர், செக்யூரிட்டி, பிளம்பர் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2018 ஜூலை, அயனாவரம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த ஒரு சிறுமி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தாள். 17 பேரைப் பிடித்தார்கள். அந்தச் செய்தியைத் தட்டும்போது எனக்குக் கை நடுங்கியது நிஜம். காலேஜ் காலத்தில் கூட்ட பஸ்ஸில் ஏறும்போது ஊக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இன்றும் என் கைப்பையில் ஒன்று கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அதுகூட இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த 17 பேரை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த மகளிர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது வக்கீல்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். கறுப்பு கோட், வெள்ளைக் காலர், நடுவில் குனிந்த தலைகள். ஒரு நிமிடம்கூட வராத காட்சியை நாங்கள் ராத்திரி வரை திருப்பித் திருப்பி ஓட்டினோம். பக்கத்தில் 17 முகங்கள், பாஸ்போர்ட் சைஸில், வரிசை கட்டி. அடியில் நான்: '17 காமக்கொடூரர்களுக்கு தர்ம அடி'.

தர்ம அடி. எவ்வளவு சௌகரியமான சொல். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கணக்கு கேட்க ஆள் கிடையாது, கொடுத்தவருக்குப் புண்ணியம் வேறு. அன்றைக்கு அந்த வரியைத் தட்டிவிட்டு நான் திருப்தியாக டீ குடித்தேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுத முடியாது.

வக்கீல்கள் அதோடு நிற்கவில்லை. இவர்களுக்காக யாரும் ஆஜராகப் போவதில்லை என்று சங்கம் அறிவித்தது. அதையும் நான்தான் தட்டினேன், பாராட்டுகிற தொனியில். இப்படித் தீர்மானம் போடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கும் நம் கோயம்புத்தூரிலிருந்து போனதுதான். எனக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்திருந்தாலும் அன்று எழுதியிருக்க மாட்டேன்.

வழக்கு முடிந்த நாள் 2020 பிப்ரவரி 1. மத்திய பட்ஜெட் நாள். வருமான வரி எவ்வளவு என்று தட்டித் தட்டி விரல் ஓய்ந்துபோன நேரத்தில் தீர்ப்பு வந்தது. 15 பேர் குற்றவாளிகள். முதல்முறையாக அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் போட்டேன். மீதி இரண்டு பேர்? ஒருவர் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். இன்னொருவரை நீதிமன்றம் விடுதலை செய்தது.

'ஒருவர் விடுதலை' என்று ஒரு வரி தட்டினேன். இரண்டு சுற்று ஓடியது. அப்புறம் பட்ஜெட் பற்றித் தலைவர்கள் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் 29-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முக்கியமான குற்றங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும்தான். ஆனாலும் தராசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிற சட்டம் அது. குழந்தைகள் விஷயம் என்பதால் அந்தச் சாய்வு எனக்குச் சம்மதமே. அப்படிப்பட்ட சட்டத்தின் கீழ், வக்கீலே கிடைக்காது என்று அறிவிக்கப்பட்ட வழக்கில், ஒரு நீதிபதி உட்கார்ந்து படித்துப் பார்த்து, இந்த ஓர் ஆள் மீது நிரூபணம் இல்லை என்று தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறார். படிக்கட்டில் அந்த மாதிரிப் பிரிக்கிற வேலை நடக்கவில்லை. 17 பேருக்கும் ஒரே அடி.

இதை என் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "ஒருத்தன் தப்பிச்சா உனக்கு இவ்வளவு பதறுது. புகாரே கொடுக்காம வாயை மூடிக்கிட்டுப் போனவளுங்களை யாருடி எண்ணுறது?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது தப்பும் இல்லை. ஆனால் நாங்கள் ஓட்டின ஓட்டத்தால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று அவளைத் திருப்பிக் கேட்க நினைத்தேன். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் விவரத்தோடு எஃப்ஐஆர் வெளியே வந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தனிக் குற்றம். அனுப்பினவர்கள் எல்லாம் 'நீதி வேண்டும்' என்ற தலைப்போடுதான் அனுப்பினார்கள்.

இடையில் ஹைதராபாத். 2019 டிசம்பர் 6 விடிகாலை, பெண் கால்நடை மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நான்கு பேரும் என்கவுன்டர். எங்கள் அலுவலகத்தில் யாரோ அல்வா வாங்கி வந்தார்கள். போலீஸ் மேல் பூத்தூவிய காட்சியை எங்கள் சேனலும் சளைக்காமல் ஓட்டியது. உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. நம்மூர் கார்த்திகேயன், ராஜீவ் கொலை வழக்கை விசாரித்தவர், அதில் ஓர் உறுப்பினர். கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும், இறந்தவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றது அறிக்கை. அந்த டாக்டரை என்ன செய்தார்கள், யார் செய்தது என்று எந்த நீதிமன்றமும் சாட்சி விசாரித்துச் சொல்லவே இல்லை. இனி சொல்லவும் முடியாது. அல்வா நான்தான் இரண்டாவது தடவையும் எடுத்தேன்.

2025 அக்டோபரில் இன்னொன்று. முகலிவாக்கத்தில் 2017-ல் கொல்லப்பட்ட ஏழு வயதுச் சிறுமியின் வழக்கு. செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்து, உயர் நீதிமன்றம் உறுதி செய்த ஆளை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வழக்கு நடத்தப் போதிய அவகாசம் கொடுத்து அவருக்கு வக்கீல் வைக்கவில்லை. சிசிடிவி, சிசிடிவி என்று நாங்கள் தினமும் ஓட்டினோமே, அந்தப் பதிவைப் போலீஸ் முறையாகக் கைப்பற்றி நீதிமன்றத்தில் வைக்கவே இல்லை. நான் தீர்ப்புச் செய்தியைப் போனில் இரண்டு தடவை படித்தேன். ஸ்க்ரோலில் கிடைத்த தண்டனை போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் அசந்துவிட்டோமோ என்று இருந்தது. அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு இப்போது யார் பதில் சொல்வது? எட்டு வருடம் ஒரு பெயரைக் கொடுத்து வைத்திருந்தோம் அவருக்கு.

இதை எழுதுமுன் பழைய சேனலின் யூடியூபில் தேடினேன். 2018 வீடியோ இன்னும் இருக்கிறது. 17 முகங்கள், அதே வரிசை. அடியில் என் வரி ஓடுகிறது. அவசரத்தில் 'கொடூரர்களுக்கு' என்பதில் ஒரு 'ர' விட்டுப்போயிருக்கிறது, அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. வீடியோவை நிறுத்தி முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விடுதலையான அந்த ஓர் ஆள் யார் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கீழே புதிதாக ஒரு கமென்ட், மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டது: 'இவனுங்க எல்லாரையும் அன்னைக்கே முடிச்சிருக்கணும்.' 42 லைக்.