கேமராவோடு ஓடிய மனிதர்

1981இல் வந்த ஜெர்மன் படம் ‘தாஸ் பூட்’. நீர்மூழ்கிப் படங்களில் இன்றும் எனக்கு இதுதான் முதலிடம். காரணம், படகுக்குள் இருக்கும் அந்த இடுக்கு.

வழக்கமாக செட்டின் ஒரு பக்கச் சுவரைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து எடுப்பார்கள். வசதிதான், ஆனால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டாது. இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் அதற்கு ஒப்பவில்லை. உள்பகுதியை அசல் அளவிலேயே குழாய்போலக் கட்டி, ஹைட்ராலிக் மேடையில் ஏற்றிச் சாய்த்தார்கள். கேமராவும் நடிகர்களோடு உள்ளேதான்!

நடந்தாலும் படம் குலுங்காமல் இருக்க உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமரா தாங்கியான ஸ்டெடிகாம் அங்கிருந்த வட்டக் கதவுகளில் நுழையாது. வெறும் கையில் பிடித்து ஓடினால் படம் குலுங்கும். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ சின்ன ஆரிஃப்ளெக்ஸ் கேமராவில் ஜைரோஸ்கோப்புகளைப் பொருத்தினார். ஜைரோவுக்குள் வேகமாகச் சுழலும் சக்கரம் சாய்வை எதிர்க்கும், ஆட்டம் அடங்கும். இடிபட்டால் தாங்க உடம்பு முழுக்கப் பஞ்சுக் கவசம் கட்டிக்கொண்டு ஓடினார். அபாய மணி அடித்ததும் மாலுமிகள் முன்முனைக்குப் பாய்வார்களே, அந்த ஓட்டம் இப்படி வந்ததுதான். படகு வேகமாக முங்க முன்பக்கம் கனம் கூட வேண்டும், அதற்காகத்தான் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள்.

கதை வரிசைப்படியே படமாக்கியதால் தாடி நிஜமாகவே வளர்ந்தது. முகம் வெளிற நடிகர்களை வெயிலில் விடவில்லை.

திரையரங்கில் வந்த வடிவம் சுமார் இரண்டரை மணி நேரம். அதில் காத்திருப்பு குறைந்துவிடுகிறது. பயம் ஊறுவதே காத்திருப்பில்தான். 1997இல் வந்த 209 நிமிட வடிவத்தை ஜெர்மன் ஒலியில், ஹெட்போன் போட்டுப் பாருங்கள். ஆழம் கூடக்கூட இரும்பு முனகும். ஒலியை அனுப்பி நீர்மூழ்கியைத் தேடும் எதிரிக் கப்பலின் சோனார் ‘டிங்’ தலைக்கு மேலே நெருங்கும்.