தில்லிக் குளிரில் ஒரு பிறந்தநாள்: சொதியும் சிவப்புக் கேரட்டும்

அம்மாவும் நானும் ஒரு பிறந்தநாளுக்காக தில்லியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனோம். முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். அங்கே கிளறிய கேரட் அல்வாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் போகிறவர்கள் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வருகை நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். குவாலியர் வரை எங்கள் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆக்ராவுக்கு முன்னால் நின்றது, மதுராவைத் தாண்டி நின்றது, பெயர்ப்பலகையே கண்ணில் படாத ஏதோ ஓர் ஊரில் நின்றே போனது. மூடுபனியில் சிக்னல் தெரியாமல் விரட்டி ஓட்ட முடியாது, அது புரிகிறது. ஆனால் காலையில் சேர வேண்டிய வண்டி என்பதால் மதியத்துக்கு எதுவும் சமைக்கவில்லை என்று கையை விரித்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் 10 ரூபாய் வேறு. அம்மா கட்டி எடுத்து வந்த மிளகாய்ப்பொடி இட்லி முந்தின இரவே தீர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கை ஜான்சிக்காரக் குடும்பம் இறங்கும்போது விட்டுப்போன வறுத்த வேர்க்கடலைதான் எங்கள் மதியச் சாப்பாடு.

ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டாவது அடி. ஓர் ஆட்டோக்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார், அம்மாவின் சேலைக்கட்டைப் பார்த்தார், அக்கா வீடு இருக்கும் ஆர்.கே.புரத்துக்கு 600 ரூபாய் என்றார். தூரம் 12, 13 கிலோமீட்டர். 2023 ஜனவரியில் உயர்த்திய மீட்டர் கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 11 ரூபாய். பெட்டிக்கும் சேர்த்து 170 ரூபாயைத் தாண்ட வழியே இல்லை. ஏன் இத்தனை என்று கேட்டால் "பனி" என்றார். பனிக்கு எந்த அட்டவணையில் கட்டணம் போட்டிருக்கிறது? போக்குவரத்துப் போலீசார் நடத்தும் பிரீபெய்டு ஆட்டோ கவுண்டரில் வரிசையில் நின்று சீட்டு வாங்கினோம். 200 ரூபாய்க்குள் முடிந்தது. அந்தச் சீட்டை வீட்டு வாசலில் பெட்டியெல்லாம் இறங்கிய பிறகுதான் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். நடுவழியில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

போன காரணம் அக்கா மகளின் ஐந்தாவது பிறந்தநாள். அத்தானுக்கு மத்திய அரசு வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். ஜனவரி முதல் பாதியில் தில்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. பிறந்தநாளும் அதற்குள்ளேயே வந்து விழுவதால், வகுப்பில் சாக்லேட் கொடுக்கும் பெருமை அவளுக்கு வாய்ப்பதே இல்லை. தோழிகளில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த வருத்தத்துக்கு ஈடாகத்தான் ஆச்சியும் சித்தியும் நேரில் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். ஹால் வாடகை, பேக்கரி கேக், அலங்காரக்காரர் என்று ஒரு ரூபாய்கூடக் கிடையாது, எல்லாம் வீட்டிலேயே என்பது அக்காவின் நிபந்தனை. பாதி சிக்கனம், பாதி வீம்பு.

தில்லி வீடுகள் மே மாத வெயிலை மனத்தில் வைத்துக் கட்டியவை. மொசைக் தரை, உயரக் கூரை, நான்கு பக்கமும் காற்று புகும் இடுக்குகள். வெளியே ஏழு டிகிரி என்றால் உள்ளே பெரிதாக எதுவும் மாறாது. பகலில் வீட்டைவிட வாசலே கதகதப்பு. குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடந்தது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும் பொருளுக்கு ஏழு டிகிரி எம்மாத்திரம்? வெண்ணெயைக் கேக்குக்குக் குழைக்கலாம் என்று எடுத்தால் கரண்டிதான் வளைந்தது. கடைசியில் அதை ரூம் ஹீட்டர் முன்னால் வைத்து, அது உருகிவிடாமல் அத்தான் காவல் இருந்தார். அவருடைய இன்னொரு கண் மின்சார மீட்டர் மேல் இருந்ததை நான் கவனித்தேன்.

இட்லி மாவுதான் பெரிய நாடகம். சென்னையில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழிந்துவிடும். இங்கே மறுநாள் மாலையிலும் மாவு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அக்காவின் முறை இது: வெந்தயத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊறப்போட்டு அரைப்பது, உப்பைப் புளித்த பிறகு போடுவது, பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிப் பழைய ரஜாயால், அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வையால், சுற்றிவைப்பது. படுக்கப் போகும்போது குழந்தைக்கு ஒரு ரஜாய், மாவுக்கு ஒரு ரஜாய் என்று போர்த்திவிட்டுப் படுத்தோம்.

உடை விஷயத்தில் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. அம்மா திருநெல்வேலியில் தைத்து எடுத்து வந்தது அரக்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை, பஃப் கை வைத்த சட்டை. "இதைப் போட்டு மொட்டைமாடியில் நிறுத்தினால் மறுநாள் ஆஸ்பத்திரிதான்" என்றாள் அக்கா. "ஸ்வெட்டர் போட்டு மூடுவதற்கா இவ்வளவு ஜரிகை?" என்று அம்மா. சண்டையைத் தீர்த்தது கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. எங்களுக்குத் தெரியாமலே பாப்பாவுக்கு மஞ்சள் நிறத்தில் கையால் ஸ்வெட்டர் பின்னி வைத்திருந்தார். முன்பக்கம் பொத்தான் வைத்தது, திறந்து விட்டால் ஜரிகை தெரியும். உள்ளே தெர்மல், காலுக்குக் கம்பளி லெகிங்ஸ், மேலே பட்டுப்பாவாடை, அதற்கும் மேலே மஞ்சள் ஸ்வெட்டர், தலையில் குஞ்சம் வைத்த குல்லா. நடக்கவே சிரமப்பட்டாள், ஆனால் அழகு.

மற்றவர்களுக்கான கம்பளியை சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கினோம். திங்கள்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சிய சரக்கு அங்கே குவியல் குவியலாகக் கிடக்கிறது. பின்னல் விட்டிருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று பார்த்து எடுக்கும் பொறுமை வேண்டும். எனக்கு 250 ரூபாயில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தது. சென்னையில் அதை எப்போது போடப் போகிறேன் என்று கேட்காதீர்கள். அம்மாவுக்குப் பிடித்தவை இரண்டு: சேலைக்குப் போடும் முழுக்கைக் கம்பளி ரவிக்கை, கட்டைவிரல் தனியாகப் பிரித்த சாக்ஸ். செருப்பு போடுவதற்கென்றே அப்படிப் பின்னியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம். கம்பளியை நிதானமாகப் பேரம் பேசி வாங்க நினைப்பவர்களுக்கு காஷ்மீரி கேட் பக்கம் திபெத்தியர்களின் மொனாஸ்ட்ரி மார்க்கெட் இருக்கிறது. அங்கே விற்பதிலும் நிறைய பஞ்சாபின் லூதியானா ஆலைச் சரக்குதான், ஆகவே இமயமலை ஆட்டுக் கம்பளி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இப்போது அல்வா. திருநெல்வேலிக்காரியிடம் போய்க் கேரட்டைத் துருவிப் பாலில் போட்டு அதற்கு அல்வா என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னால் என்ன நடக்கும்? "கோதுமைப் பால் எடுக்காமல் அது எப்படி அல்வா?" என்று அம்மா உதட்டைப் பிதுக்கினார். தில்லியில் டிசம்பர், ஜனவரியில் வரும் கேரட் நம் ஊட்டிக் கேரட் இல்லை. நீளமாக, ரத்தச் சிவப்பாக, உள்தண்டு வரை ஒரே நிறமாக இருக்கிறது. தக்காளிக்குச் சிவப்பு தருகிற லைக்கோபீன்தான் இதற்கும் நிறம் தருகிறது. ஆரஞ்சுக் கேரட்டுக்கு பீட்டா கரோட்டின். சாறு அதிகம், இனிப்பும் அதிகம், கிலோ 40 ரூபாய். வாசலில் தள்ளுவண்டிக்காரர் மண்ணைக் கழுவிய ஈரத்தோடு அடுக்கி வைத்திருந்தார். நான் பச்சையாகவே இரண்டு தின்றேன்.

மிக்ஸியில் போடக் கூடாது என்பது ஆன்ட்டியின் உத்தரவு. இரண்டு கிலோவைக் கையால் துருவினோம். என் வலது தோள் இன்னும் அதை மறக்கவில்லை. அடி கனத்த கடாயில் கேரட்டும் கொழுப்பு நிறைந்த பாலும் மெல்லிய தீயில் சுண்டிச் சுண்டி வற்ற வேண்டும். சர்க்கரையைப் பால் வற்றிய பிறகே போட வேண்டும். போட்டதும் மறுபடி நீர் விட்டுக்கொள்ளும், பதறாமல் கிளற வேண்டும். கடைசியில் நெய், கோவா, ஏலக்காய், முந்திரி. அடுப்பைச் சுற்றி எல்லோரும் நின்றோம். கிளற உதவுவதாகச் சாக்கு, உண்மையில் குளிர் காய. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு, "இதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். திருநெல்வேலியிலிருந்து இதற்கு மேல் ஒரு சான்றிதழ் வராது.

பிறந்தநாள் விருந்துக்குச் சொதி என்பது அம்மாவின் முடிவு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற தேங்காய்ப்பால் சொதியை ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு வைப்பது முறையா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சாப்பிட வேண்டும். காய்க்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். வாழை இலை, முருங்கை, சேனை, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் விலையைக் கேட்டால் குளிர் விட்டுப்போகும். தேங்காய் ஒன்று 80 ரூபாய். முருங்கைக்காய் கால் கிலோ 70 ரூபாய்! எங்கள் ஊரில் வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் காய். அம்மா ஒவ்வொரு காயாக வளைத்துப் பார்த்து முற்றல் என்று ஒதுக்க, கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈடாகப் பட்டாணி மலிவு. உரித்து வாயில் போட்டால் சர்க்கரை.

அந்தப் பட்டாணியைக் கீழே புல்வெளியில் கட்டில் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவும் ஆன்ட்டியும் உரித்தார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது, ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவரும் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது எனக்குத் தூரத்திலிருந்தே புரிந்தது.

பிறந்தநாள் காலையில் மலை மந்திர். 1973இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் கோயில், அக்கா வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம். படியேறும்போது வெறுங்காலில் கல்லின் சில்லிப்பு எலும்பு வரை ஏறியது. குழந்தை அத்தான் தோளில் சொகுசாக வந்தாள். நண்பகலுக்கு மேல் மொட்டைமாடியில் விருந்து. மாலையில் வைக்காதீர்கள் என்று தில்லியில் குளிர்காலப் பிறந்தநாள் கொண்டாட இருக்கும் எல்லோருக்கும் அடித்துச் சொல்கிறேன். பனி விலகி வெயில் வரும் அந்த மூன்று மணி நேரம்தான் அந்த ஊரின் குளிர்காலம் மனிதர்களுக்குத் தருகிற சலுகை. நான்கு மணிக்கு மேல் கைவிரல் மரத்துப்போய் யாரும் தட்டைப் பிடிக்க முடியாது. அதற்குப் பிறகு காற்றில் புகை வாடையும் கூடிவிடும்.

ஹீட்டர் முன்னால் தவம் இருந்த வெண்ணெயில் செய்த கேக் நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது; அக்கா அந்தப் பள்ளத்தைக் கேரட் அல்வாவால் நிரப்பினாள். இனிமேல் நான் சாப்பிடும் எந்தக் கேக்குக்கும் அதுவே அளவுகோல். எள்ளுருண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் ஆன்ட்டி கொண்டுவந்த கஜக். அதுவும் எள்ளும் வெல்லமும்தான், ஆனால் தட்டித் தட்டி அடுக்கடுக்காக நொறுங்கும்படி செய்கிறார்கள். சொதிக்கு இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். முதலில் தயங்கிய பஞ்சாபி மாமா மூன்றாவது முறை சோறு கேட்டார். வந்த குழந்தைகளுக்கு ஆன்ட்டி மிச்ச நூலில் பின்னிய குட்டிக் குல்லாக்கள்தான் பரிசு. பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்தைவிட நூறு மடங்கு மேல்.

மறுநாள் சாந்தினி சௌக் போய் தௌலத் கி சாட் சாப்பிட்டதைத் தனியாக எழுத வேண்டும். பாலையும் கிரீமையும் கடைந்து எழுப்பிய நுரை, மேலே குங்குமப்பூ, கோவா, சர்க்கரைத் தூள். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடுமாம். ஒரு தொன்னை 60 ரூபாய், மூன்று வாயில் காலி. வயிறு நிறையவில்லை என்று அம்மா குறைப்பட்டார். எனக்கு அந்த நுரைக்காகவே இன்னொரு முறை போகலாம். வீட்டில் இருந்த குழந்தைக்கு வாங்கிப் போக வழியே இல்லை என்பதுதான் குறை.

செலவுக் கணக்கை வரிசையாகத் தருவதாகத்தான் உட்கார்ந்தேன். தோராயமாகச் சொன்னால் விருந்தும் அல்வாவும் கேக்கும் சேர்த்து 3,500 ரூபாய், இருபது பேர் சாப்பிட்டார்கள். கம்பளி எல்லாம் 1,800 ரூபாய். அடுத்த ஜனவரிக்கு ரயில் வேண்டாம், ஜூலையிலேயே விமான டிக்கெட் பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். 15 கிலோ பெட்டியில் முருங்கைக்காய்க்கு எத்தனை கிலோ ஒதுக்கலாம் என்பதுதான் இப்போது வீட்டில் ஓடும் பேச்சு.