ஊர் தூங்கும் நேரத்துக்கு ஒரு புத்தகம்

புது நாட்டில் பகல் எப்படியோ ஓடிவிடும். வேலை முடிந்து அறைக்கு வந்தபின் உள்ள இரண்டு மணி நேரம்தான் கழியாது. மேற்கே போனவர்களுக்கு அப்போது ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும், பேச ஆளில்லை. கைபேசியை எடுத்தால் கல்யாணப் படங்களும் திருவிழாப் படங்களும் மனசை இன்னும் கிளறிவிடும். புத்தகம் கைகொடுப்பது அந்த நேரத்தில்தான். ஆனால் எந்தப் புத்தகம் என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

இதுவரை படிக்காத தடித்த நாவல்களைப் பெட்டியில் அடுக்குவது வழக்கமான தவறு. அலைச்சலில் இருக்கும் மனசில் புதுப் பாத்திரங்களின் பெயர்கூடத் தங்காது. பத்துப் பக்கத்தில் மூடிவிடுவீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை படித்ததை எடுத்துப் போங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதை தரும் நிம்மதி தனி. நடுவில் திறந்தாலும் படிக்கலாம். அச்சில் இரண்டு போதும், மிச்சம் மின்கோப்பாக வரட்டும். பிரிவைப் பேசும் கதைகள் முதல் குளிர்காலம் கழியும்வரை காத்திருக்கலாம்.

கோப்புக்குத் தட்டுப்பாடில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழைய நூல்கள் இலவசம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் இருக்கிறது. பழைய கோப்புகள் சில திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும். திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், ஒருங்குறி (யூனிகோட்) வடிவத்தை எடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைக் கைபேசியில் பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பில் வரி தானாக மடியும். இறக்கியபின் இணையத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்திலேயே வாட்ஸ்அப் கூப்பிடும்.

பொது நூலக அட்டைக்குப் பெரும்பாலும் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் கைக்கு வரும்வரை உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். கதகதப்பான அறையில், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காத நாற்காலி அது. தமிழ்ப் புத்தகம் அங்கே இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள்.

புது மொழிப் புத்தகத்தை இதோடு கலக்க வேண்டாம், அது வேலை. நூறு சொல்லில் தெரியாதது இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமல் ஓடும். ஐந்தைத் தாண்டினால் அலுத்துவிடும். சிறுவர் பகுதியில் எடுக்க வெட்கம் எதற்கு? அதே நூலின் ஒலிவடிவத்தைக் கேட்டுக்கொண்டே படித்தால் உச்சரிப்பும் பழகும்.

ஒளிந்துகொள்ளவும் புத்தகம் வசதியான இடம். பிரிக்காத அலுவலகக் கடிதங்கள் மேசையில் சேர்கின்றனவா என்று பாருங்கள். பலவற்றுக்குப் பதில் போடக் கெடு இருக்கும். ஓர் உறையைப் பிரித்தால்தான் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வரியை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை, தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டுக் கிடக்கின்றன என்றால் மருத்துவரிடம் போங்கள். அதைப் புத்தகத்தின் தலையில் கட்ட முடியாது.