டீமில் இல்லாதவர்களுக்கும் கிரவுண்ட் வேண்டும்

மாலை ஐந்தேகாலுக்கு எந்தப் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கிரவுண்டில் யுனிவர்சிட்டி மேட்சுக்குப் போகிற டீம் பிராக்டிஸ் செய்துகொண்டிருக்கும். மாடியில் ரூமுக்கு நான்கு கட்டில், நான்கு பேர், நான்கு போன். கல்லூரி இணையதளத்தில் 'விளையாட்டு வசதிகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். அந்த வசதி எல்லாம் டீமுக்குத்தான் என்று அங்கே எழுதியிருக்காது, ஆனால் நடைமுறை அதுதான். ஸ்போர்ட்ஸ் ரூம் சாவி பி.டி. சாரிடமோ கேப்டனிடமோ இருக்கும். பந்து வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். பள்ளியில் பத்தாவதோடு விளையாட்டை விட்ட ஒரு முதலாமாண்டு மாணவன் கேட்கமாட்டான்.

இந்தப் பதிவு அவனுக்காக. அவனைக் கிரவுண்டுக்குக் கொண்டுவர விரும்புகிற ஹாஸ்டல் கமிட்டிக்காகவும், வார்டனுக்காகவும்.

முதலில் அளவு. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாக ஆடினால் 75 முதல் 150 நிமிடம் போதும். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். மிதம் என்றால், பேச முடியும் ஆனால் பாட முடியாது, அந்த வேகம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் ஆடினால் கணக்கு முடிந்தது. ஜிம், மெம்பர்ஷிப், புரோட்டீன் டப்பா எதுவும் தேவையில்லை.

நேரத்தை செமஸ்டருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் டிசம்பரில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஆறரை தாண்டும். வருஷம் முழுக்க 'ஐந்தரைக்கு வாங்க' என்று சொன்னால் டிசம்பரில் கால் மணி நேரம்கூட மிஞ்சாது. மார்ச், ஏப்ரலில் நாலரைக்கே இறக்கிவிட்டால் வெயில் தலையைப் பிளக்கும்.

ஆரம்பிக்க ஏற்ற ஆட்டம் வாலிபால். ஒரு வலை, ஒரு பந்து இருந்தால் பன்னிரண்டு பேர் ஆடலாம். கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், சுற்றிலும் 3 மீட்டராவது கல், முள் இல்லாத இடம். வலைக்கு இரு பக்கமும் 9-க்கு 9 சதுரம் வரும். கண் அளவில் கோடு இழுத்தால் கோணிக்கொள்ளும், அதனால் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். ஒரு சதுரத்தின் மூலைவிட்டம் 12.73 மீட்டர். இரண்டு மூலைவிட்டமும் அதே அளவில் நின்றால் சதுரம் சரி. கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். விழுந்து எழும்போது கண்ணில் பட்டால் எரித்துவிடும், வியர்த்த தோலையும் புண்ணாக்கும். வெள்ளைக் கோலமாவு போதும், மழைக்குக் கரைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

புது ஆட்கள் ஓடிப்போவதற்குப் பெரிய காரணம் வலையின் உயரம். ஆண்களுக்கு விதிப்படி 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. டீம் ஆடும் 2.43 வலையிலேயே புதியவனை நிறுத்தினால் அவன் அடிக்கும் பத்தில் எட்டு வலையிலேயே விழும். மறுநாள் அவன் வரமாட்டான். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு வலையை 2.24-க்கு இறக்குங்கள், முதல் மாதம் 2.10 வைத்தாலும் குற்றமில்லை. அளப்பது நடுவில்தான், கம்பத்தருகே அல்ல. நடுவில் தொய்ந்திருக்கும் வலையைக் கம்பத்தருகே அளந்துவிட்டு 'சரியாத்தான் இருக்கு' என்பது எல்லா ஹாஸ்டலிலும் நடக்கிறது. நைலான் கயிறு தினமும் கொஞ்சம் நெகிழும், தினமும் இழுத்துக் கட்ட வேண்டும்.

பந்தில் காற்று அதிகமானால் முன்கை சிவந்து தடித்துவிடும். முதல் நாளே 'இது நமக்கு ஆகாது' என்று ஒருவர் விலகுவதற்கு அது போதும். விதிப்படி ஒரு சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ அழுத்தம். மானி இல்லாத இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்க வேண்டும், கல் மாதிரி நிற்கக் கூடாது. காற்றடிக்கும் ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். உலர்ந்த ஊசியைத் திருகிக் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வு கிழியும். பிறகு அந்தப் பந்து ஒவ்வொரு நாளும் காலையில் சுருங்கிக் கிடக்கும், யார் காரணமென்றும் தெரியாது.

அடுத்தது, 'ஜெயிச்ச டீம் நிக்கும், தோத்த டீம் வெளிய' என்ற நம் ஊர் வழக்கம். இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். நன்றாக ஆடுபவர்கள் ஒரு மணி நேரமும் உள்ளே நிற்பார்கள். ஆடிப் பழக வேண்டியவர்கள் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு நாற்பது நிமிடம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பதில் நேரக்கணக்கு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில், யார் முன்னிலையில் இருந்தாலும் இரண்டு டீமும் வெளியே, அடுத்த இரண்டு டீம் உள்ளே. டீமை வகுப்பு வாரியாகவோ ஊர் வாரியாகவோ பிரிக்காமல் வந்த வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரியுங்கள். பேசியே இராத ஆட்கள் பக்கத்தில் நிற்பார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அழைப்பைவிட, வராந்தாவில் நிற்பவனைப் பார்த்து 'ஒரு ஆள் குறையுது, வர்றியா?' என்று கேட்பது பத்து மடங்கு வேலை செய்யும். அதைக் கேட்பதற்கென்றே தினம் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

ஷட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் திறந்தவெளியில் மாலைக் காற்று விடாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று மறைந்த இடம் பாருங்கள். இறகுப் பந்து ஒரு மாலையிலேயே பிய்ந்துவிடும், நைலான் வாங்குங்கள். நைலான் பந்தின் தலையில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும்: பச்சை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெப்பக் காற்றில் பந்து வேகமாகப் பறக்கும், ஆகவே நம் ஊருக்குப் பச்சைதான் பொருந்தும். கடைக்காரர் நீலத்தை எடுத்துக்கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்தும் நமக்கு உண்டு. மஞ்சள் கம்பளிப் பந்து காற்றுக்கு ஷட்டில் அளவு அலையாது, 24-க்கு 12 மீட்டர் கோர்ட்டில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடலாம். நனைந்தால் மட்டும் பந்து கனத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் எந்தக் கோர்ட்டும் சேறுதான். அந்த இரண்டு மாதத்துக்கு டேபிள் டென்னிஸ், வராந்தாவில் ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு, போரிக் பவுடர். கேரம் ஆடினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் நான்கு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்வதும் ரூமை விட்டு வெளியே வந்த கணக்குத்தான்.

பெண்கள் ஹாஸ்டல் விஷயத்தில் கல்லூரிகள் செய்வது நியாயமே இல்லை. வகுப்பு நாலரைக்கு முடிகிறது, ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்குள் வந்துவிட வேண்டும், இடையில் கிரவுண்ட் முழுக்க ஆண்கள். 'கிரவுண்ட் எல்லோருக்கும் பொது' என்று சொன்னால் பெண்களுக்கு அது இல்லை என்றுதான் பொருள். வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு கோர்ட்டை அவர்களுக்கென்று எழுதி ஒதுக்க வேண்டும், முடிந்தால் ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளேயே ஒரு வலை. விளக்கு, பக்கத்தில் திறந்திருக்கும் கழிப்பறை, போகும் வழியில் வெளிச்சம், இந்த மூன்றும் இல்லாமல் 'பெண்கள் வரமாட்டேன்கிறார்கள்' என்று சொல்லாதீர்கள். மாதவிடாய் நாட்களில் ஆடலாமா என்ற கேள்விக்கு, முடிந்தால் தாராளமாக ஆடலாம், முடியாவிட்டால் ஓய்வு. அந்த முடிவு அவரவருடையது. கொஞ்சம் ஓடினாலே படபடப்பு, தலைசுற்றல் என்றால் சோம்பல் என்று நினைக்காமல் ஹீமோகுளோபின் பாருங்கள். நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு காட்டியது. சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது.

முதல் வாரத்து வேகம் இரண்டாவது வாரம் வலியாக வந்து நிற்கும். ஓட ஆரம்பிப்பவர்கள் முதல் நாளே நான்கு சுற்று ஓடுவார்கள், மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலிக்கும். இதயமும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக் கணக்கில் ஆகும். அதனால் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஐந்து முறை, முடிவில் ஐந்து நிமிடம் நடை. வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது வாரத்தில் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்கலாம். வலி ஓரமாகப் பரவாமல் விரல் நுனி வைக்கும் ஒரே இடத்தில் குத்தினால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கணுக்கால் பிசகினால் நண்பர்கள் செய்யும் முதல் வேலை தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது, அல்லது சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போவது. முதல் 48 மணி நேரம் இரண்டுமே கூடாது, உள்ளே கசிவு அதிகமாகி வீக்கம் கூடும். மெஸ் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜை விரல்பக்கம் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். காலைத் தலையணைமேல் தூக்கி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொளியைத் தொட்டாலே உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒற்றைக்காலில் முப்பது விநாடி ஆடாமல் நிற்க முடிந்த பிறகுதான் மறுபடி வலைக்குப் பக்கம்.

மெஸ் பற்றித் தனியாகவே எழுதலாம். காலை டிபனைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மதியம் கிடைத்ததைச் சாப்பிட்டு, நாலரைக்கு டீயும் பஜ்ஜியும். அதன்மேல் ஓடினால் நெஞ்செரிச்சல். விளையாடுவதற்கு அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழமோ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும். வாரம் மூன்று நாள் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் கேட்டு மெஸ் கமிட்டியில் தீர்மானம் போடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராம். சாம்பாரில் பருப்பு அடியில்தான் கிடக்கும், மேலே வருவது தண்ணீர். 'அண்ணே, கொஞ்சம் அடியில கலக்கி ஊத்துங்க' என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆடப் போகும்முன் அரை லிட்டர் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் அல்லது மோர்.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காபி குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் நிற்கும். இரவு ஒன்பதரைக்குக் குடித்த காபி இரண்டரை மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். ஆறரைக்கு ஆட்டம் முடிந்து, குளித்து, ஏழரைக்குச் சாப்பிட்டு, எட்டரை முதல் பதினொன்று வரை படித்தால் ஆறு மணிக்கு எழலாம். இரண்டரை மணி நேரம் போதுமா என்று கேட்பவர்கள், இப்போது ஒரு மணி வரை விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை நிமிடம் புத்தகத்தில் போகிறது என்று மூன்று நாள் எழுதிப் பார்க்கட்டும்.

கிரவுண்டில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர்கள் பெயர் எழுதட்டும், அட்டெண்டன்ஸுக்காக அல்ல. தினமும் வந்த ஒருவர் நான்கு நாளாக இல்லை என்பது அந்த நோட்டில்தான் முதலில் தெரியும். ரூமுக்குப் போய் 'ஏன் வரல?' என்று கேட்காதீர்கள். 'என்னடா, நாலு நாளா ஆளக் காணோம், சாப்ட்டியா?' என்று கேளுங்கள். அரியர், வீட்டில் பணக்கஷ்டம், காதல் பிரச்சினை, எதுவாகவும் இருக்கலாம். விளையாட்டு மனதை லேசாக்கும், ஆனால் மனச்சோர்வுக்கு அதுவே முழு மருந்து என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, 'இருந்து என்ன பண்ணப்போறேன்' என்ற பேச்சு வருகிறது என்றால் அவரைத் தனியாக விடாமல் 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை அது, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கல்லூரியில் கவுன்சிலர் இருந்தால் மறுநாளே உடன் போய் உட்காருங்கள். மாணவர் உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் சேர்த்து யுஜிசி 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, மாணவர் சேவை மையம் அமைக்கவும் அது சொல்கிறது. கவுன்சிலர் இல்லாத கல்லூரியில் அதைக் காட்டிக் கேட்க மாணவர்களுக்கு உரிமை உண்டு.

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது இந்த ஒரு மணி நேரம்தான். வெட்டாமல் சுருக்குங்கள். பத்து நிமிட ஆட்டத்தை ஐந்தாக்கி, ஆளுக்கு இருபது நிமிடத்தில் மேலே அனுப்பிவிடுங்கள். நாளைக்குப் பேப்பர் இருக்கிறவர்கள் கோர்ட்டைச் சுற்றி நடந்துவிட்டுப் போகட்டும். ஆள் எத்தனை குறைந்தாலும் வலையை மட்டும் அவிழ்க்காதீர்கள். நவம்பரில் சுருட்டி ஸ்போர்ட்ஸ் ரூமில் போட்ட வலையை மறுபடி தேடி எடுத்துக் கட்டப் பிப்ரவரி ஆகிவிடும்.